கண்ணாடித் தொட்டியில் கடல் மணல்

எங்கள் விக்கிரமங்கலம் கடற்கரை ஊர் அன்று. அரியலூர்ச் சீமையைச் சேர்ந்த இப்பக்கத்தில் முந்திரித் தோப்புக்கும் புஞ்சைக் காட்டுக்கும் குறைவில்லை. ஊரில் சோழர் காலத்துக் கோயிலும் உண்டு. ஆனால் கடலைக் காண வேண்டுமானால் தரங்கம்பாடிக்கோ பூம்புகாருக்கோ பஸ் ஏறித்தான் போக வேண்டும். எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் அலையைச் சினிமாவில் மட்டுமே பார்த்தவர்கள். இத்தகைய ஊரில், மூன்றடி நீளமும் ஒன்றரையடி அகலமும் ஒன்றரையடி உயரமும் கொண்ட கண்ணாடித் தொட்டி ஒன்றிலே கடலைக் கொண்டுவந்து வைப்பதென்று நான் தொடங்கியபோது, சக உபாத்தியாயர்கள் சிரித்ததில் வியப்பில்லை.

முதலில் உப்பைப் பற்றியே ஒரு வழக்கு வந்தது. 1930-ம் வருஷம் ராஜாஜி திருச்சியிலிருந்து கால்நடையாகப் போய் வேதாரண்யத்தில் அள்ளிய உப்பைப் பற்றி அந்த வாரந்தான் பாடம் நடத்தியிருந்தேன். "சார், வேதாரண்யம் உப்பை வாங்கிப் பைப்புத் தண்ணியில் கரைத்தால் கடல்தானே?" என்று கேட்டான் ஒரு பையன். நல்ல கேள்வி. பாத்தியில் ஜலம் வற்றும்போது சாப்பாட்டு உப்பு முன்னதாகப் படிந்துவிடுகிறது. மக்னீஷியம் முதலிய மற்ற உப்புக்களில் பெரும்பகுதி அடியில் நிற்கும் கசப்பு நீரோடு போய்விடுகிறது. நமது ரசத்துக்கு அது மெத்தச் சரி. மீனுக்கு அந்தக் கசப்பும் வேண்டும். ஆகவே, எல்லா உப்புக்களும் சேர்ந்த கலவையைக் கடையில் வாங்கி, லிட்டருக்கு 35 கிராம் வீதம் நல்ல நீரில் கரைத்தோம்.

அடியில் நான்கு அங்குல உயரத்துக்கு மணல். அதற்கு மேலே சில கற்கள். பிறகு இரண்டு கோமாளி மீன்களும் ஒரு நீலச் சிறு மீனும் வந்து சேர்ந்தன. கோமாளி மீனைத் தொட்டியிலேயே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கச் செய்யும் முறையை, மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் நமது தேசத்திலேயே கண்டு செய்து காட்டியிருக்கிறார்கள். பவளப் பாறையிலிருந்து பிடித்து வந்த மீன்தான் வேண்டுமென்ற கட்டாயம் இப்போது இல்லை. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி தானாகவே முன்வந்து தினந்தோறும் இரை போடும் பொறுப்பை ஏற்றுக்கொண்டாள். ஒன்றேகால் வருஷம் எல்லாம் குறைவின்றி நடந்தது.

அப்புறம் பள்ளிக்கூடத்து ஆண்டு விழா வந்தது. விருந்தினர்கள் வருவார்கள் அல்லவா? மணலைப் பார்த்தேன். மேற்புறம் சற்றுப் பழுப்பேறியிருந்தது; கண்ணாடி ஓரத்தில் அடிப்பாகம் கறுத்துக் கோடு கோடாகத் தெரிந்தது. சுத்தத்தைப் பற்றி வாரந்தோறும் பிரசங்கம் செய்யும் உபாத்தியாயரின் தொட்டியில் கறுப்பு மணலா? நானும் நான்கு பிள்ளைகளும் சேர்ந்து, ஒரு மரக்கரண்டியால் அடிவரையில் கிளறி, மணலைப் புரட்டிப் புரட்டி வெளுக்க வைத்தோம். அழுகிய முட்டையின் நாற்றம் ஒன்று எழுந்தது. 'இவ்வளவு அழுக்கு இருந்திருக்கிறதே, நல்ல வேளை கிளறினோம்' என்று எண்ணிக்கொண்டேன். சாயங்காலம் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மறுநாள் காலையில் மூன்றும் மிதந்தன.

அந்தப் பெண் இரை டப்பியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். "சார், நாம சுத்தம் பண்ணினதாலா செத்துப் போச்சு?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லுவதற்கு எனக்குச் சிறிது நேரம் பிடித்தது. ஆண்டு விழாவில் தொட்டியின்மேல் ஒரு துணியைப் போட்டு மூடி வைத்தோம்.

நான் செய்த பிழை என்னவென்பதை அறிந்துகொள்ள, மணலுக்குள்ளே என்ன நடக்கிறதென்று பார்க்க வேண்டும். மீன் உண்டு கழிப்பதிலும், தின்னாமல் விட்ட இரை அழுகுவதிலும் அம்மோனியா என்னும் விஷம் உண்டாகிறது. கடலில் அது பரந்து கரைந்து போகும். தொட்டியில் போக இடமில்லை. மணற் பரல்களின்மேல் ஒட்டி வாழும் ஒரு ஜாதி நுண்கிருமிகள் அம்மோனியாவைப் பிராணவாயுவோடு சேர்த்து நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதுவும் விஷந்தான். மற்றொரு ஜாதி அதை நைட்ரேட்டாக மாற்றும். இது அவ்வளவு கொடியதன்று. வயலிலும் இதே வேலை நடக்கிறது. எருப்போட்ட நிலத்தில் பயிர் தழைப்பது இவற்றின் உதவியால்தான். இந்தக் கிருமிகளைத் தனியே பிரித்துக் காட்டியவர், 1890-ம் வருஷத்தை ஒட்டி, விநோகிராட்ஸ்கி என்ற ருஷ்ய விஞ்ஞானி.

மணலின் மேல் அங்குலத்தில் இவ்வளவும் நடக்கும். அதற்குக் கீழே பிராணவாயு எட்டாது. அங்கே வாழும் கிருமிகள் சாமர்த்தியசாலிகள். அவை நைட்ரேட்டில் அடங்கியிருக்கும் பிராணவாயுவையே பிரித்து எடுத்துக்கொண்டு, வெறும் நைட்ரஜனை வெளியே விடுகின்றன. கண்ணாடி ஓரத்து மணலுக்குள் சிறு குமிழிகள் நிற்பதைக் கண்டால், பெரும்பாலும் அது இந்த வாயுதான். தொட்டி நன்றாயிருக்கிறதென்று கொள்ளலாம். இன்னும் கீழே, நைட்ரேட்டும் தீர்ந்துபோன இடத்தில், கடல் நீரிலுள்ள ஸல்பேட்டைப் பிரித்து வாழும் கிருமிகள் இருக்கின்றன. அவை விடுவது ஹைட்ரஜன் ஸல்பைடு என்னும் நச்சு வாயு. அழுகிய முட்டை நாற்றமும் மணலின் கறுப்பும் அவற்றால் வருவன. கலைக்காத வரையில் அந்த வாயு கீழேயே கட்டுண்டு கிடக்கும். மேலேறி வரும் சிறு பங்கும் பிராணவாயு உள்ள அடுக்கை அடைந்ததும் தீமையற்றதாக மாறிவிடும். நான் மரக்கரண்டியால் செய்த காரியம், மூன்று மாடி வீட்டைத் தலைகீழாகக் கவிழ்த்து, நிலவறையிலிருந்த விஷத்தை நடுக்கூடத்தில் கொட்டியதுதான். அத்தோடு, அடியில் அடைந்திருந்த வண்டல் முழுவதும் ஒரே நாளில் கிளம்பி, ஜலத்திலிருந்த பிராணவாயுவையும் குடித்துவிட்டது.

மணலைச் சுத்தம் செய்வதென்றால் அதை அசைக்காமல் பாதுகாப்பதும் அதில் ஒரு பகுதி என்பது நமக்குப் புதிய விஷயமன்று. சென்னைவாசிகள் குடித்துவந்த ஜலமே இதற்குச் சாட்சி. 1914-ம் வருஷம் கீழ்ப்பாக்கத்தில் ஏற்பட்ட நீர்நிலையத்தில் பரந்த மணற்படுகைகளை அமைத்து, ஏரி ஜலத்தை மெல்ல மெல்ல அதன் வழியே இறக்கி வடிகட்டினார்கள். வடிப்பது மணல் என்று தோன்றும். உண்மையில், மணலின் மேற்பரப்பில் வழவழவென்று படரும் உயிருள்ள மெல்லிய ஆடைதான் நோய்க் கிருமிகளைப் பிடித்து உண்ணுகிறது. படுகை அடைத்துக்கொண்டால் மேலே அரை அங்குலத்தைப் போல மட்டும் சுரண்டி எடுப்பார்களேயன்றி, அடிவரையில் கிளறமாட்டார்கள். சுரண்டிய பிறகும் அந்த ஆடை மறுபடி படரும் வரையில், வடிந்த நீரைக் குடிக்க விடுவதில்லை. இந்த முறையின் மதிப்பு 1892-ல் உலகத்துக்கெல்லாம் தெரிந்தது. அவ்வருஷம் ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரில் காலரா வந்து எட்டாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதே எல்ப் நதியில், அதற்கும் கீழே, ஹாம்பர்க்கின் சாக்கடையும் கலந்த ஜலத்தை மணலில் வடிகட்டிக் குடித்த பக்கத்து ஆல்டோனா நகரம் பெரும்பாலும் தப்பியது. தெருவின் ஒரு சிறகில் பிணம், மறு சிறகில் சுகம் என்ற அளவுக்கு வித்தியாசம் தெரிந்ததாம்.

கடல் மீன்களைக் காட்சிக்கு வைக்கும் கலையில் சென்னைக்குப் பழைய பெருமை உண்டு. மெரீனாக் கடற்கரையில் 1909-ம் வருஷம் அக்டோபர் மாதம் திறக்கப்பட்ட மீன் காட்சிசாலை இந்தியாவிலேயே முதலாவது. மியூசியத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் அதற்கு வேண்டிய யோசனையைச் செய்தவர். 1919-ல் அது மீன்வள இலாகாவின் வசம் வந்தது. இரண்டாவது மகாயுத்தத்தில், 1942-ல், ஜப்பானியர் படையெடுப்பார்கள் என்ற பீதியில் மூடப்பட்டது. சென்னைக்குப் போய் வந்த கிராமத்தார் மியூசியத்துக்கு அடுத்தபடி ஊரில் வர்ணித்தது அந்தக் கடற்கரைக் கட்டடத்தைத்தான் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

மேல் நாட்டார் இக்கலையில் இறங்கியது 1850-ஐ ஒட்டி. லண்டன் மிருகக்காட்சிச் சாலையில் 1853-ல் மீன் வீடு திறந்தார்கள். ஆனால் மணலை உயிருள்ள பொருளாகக் கருதி நடத்தியதில் கீழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. இந்தோனேஷியாவில் ஜகார்த்தா நகரத்து லீ சின் எங் என்பவர், யந்திர வடிகட்டி ஏதுமில்லாமல், கடலிலிருந்து எடுத்த உயிருள்ள பாறையும் மணலும் காற்றுக் குமிழியும் மட்டும் கொண்டு பவளங்களையே வளர்த்துக் காட்டி, 1961-ல் அதைப் பற்றி எழுதினார். பிறகு 1980-களில், மொனாக்கோவில் ஜோபேர் என்ற பேராசிரியர், அடியில் சிறிது நீர் வெளியை விட்டு அதன்மேல் சல்லடையும், சல்லடைமேல் தடித்த மணற்படுகையும் அமைக்கும் முறையை நிலைநாட்டினார். மணலின் கீழடுக்கு நைட்ரேட்டைத் தீர்க்கும் வேலையை அவர் நன்கு பயன்படுத்திக்கொண்டார்.

இனி நடைமுறைக்கு வருவோம். இவ்வளவு படித்த பின் மறு தொட்டி வைத்தேன். அதில் கற்றதைச் சொல்லுகிறேன்.

மணலின் உயரத்தை முதல் நாளே தீர்மானித்துவிட வேண்டும். ஓர் அங்குலம் போட்டால் அது வெறும் தரை. அடிக்கடி முழுவதையும் சுத்தம் செய்யலாம், ஆபத்தில்லை. நான்கைந்து அங்குலம் போட்டால் அது ஒரு வயல். அதன் அடியில் கை வைக்கலாகாது. இரண்டுங்கெட்டானாக இரண்டரை அங்குலம் போடுவது, வயலுமாகாமல் தரையுமாகாமல், அழுக்கை மட்டும் சேர்த்துக்கொள்ளும் என்பது என் அபிப்பிராயம். புதிதாக வைப்போருக்கு ஓர் அங்குலமே உத்தமம். நான் இரண்டாவது தடவை அப்படித்தான் செய்தேன்.

புதிய மணலை வாளியில் இட்டு, அரிசி களைவதைப் போல, கழுநீர் தெளியும் வரையில் அலச வேண்டும். எனக்கு இருபது தடவைக்கு மேலாயிற்று. தொட்டி வைத்து இரண்டு மூன்று வாரத்தில் மணலின்மேல் பழுப்புப் பொடி தூவினாற்போல் ஒரு படலம் படரும். இதைக் கண்டு பயப்படாதவர் இல்லை. அது டயட்டம் என்னும் நுண்பாசி. புது நீரிலுள்ள சிலிக்காவைத் தின்று கொழுத்து, அது தீர்ந்ததும் தானே மறையும். செம்பழுப்பாய்க் கம்பளம்போல வழுக்கிக்கொண்டு வரும் படலம் வேறு. இரையை அதிகமாகப் போடுவதாலும் ஜலம் ஓட்டமின்றித் தேங்குவதாலும் அது வரும். அதைக் குழாயால் உறிஞ்சி எடுப்பதோடு, இரையையும் குறைக்க வேண்டும். இரண்டு நிமிஷத்தில் மீன் தின்று தீர்ப்பதுதான் இரை. மற்றது மணலுக்குப் போடும் குப்பை. பிள்ளைகளுக்கு இதைப் புரிய வைப்பது எளிதன்று. மீன் வாயைத் திறந்தாலே பசி என்று அவர்கள் நினைக்கிறார்கள். வீட்டுப் பாட்டிமாரும் அப்படியே.

வாரத்துக்கொரு முறை பத்தில் ஒரு பங்கு ஜலத்தை மாற்றும்போது மணலையும் கவனிக்கலாம். அகலமான வாயுள்ள ஒரு குழலை நீண்ட ரப்பர் குழாயோடு பொருத்தி, முழுவதும் ஜலத்தை நிரப்பி, ஒரு முனையைக் கீழே வாளியில் விட்டால் நீர் தானே இறங்கும். பீப்பாயிலிருந்து மண்ணெண்ணெய் இறக்கும் வித்தைதான். வாயால் உறிஞ்ச வேண்டாம். குழலின் வாயை மணலில் ஊன்றினால் மணல் எழும்பிச் சுழலும். கனமான பரல் திரும்ப விழும், இலேசான அழுக்கு குழாயோடு போய்விடும். மணல் குழாய் வழியே ஏறுமானால் விரலால் குழாயைச் சற்று நெருக்கிப் பிடித்தால் போதும். ஒரு வாரம் ஒரு மூலை, மறு வாரம் மற்றொரு மூலை. ஒரே நாளில் தொட்டி முழுவதும் வேண்டாம். தடித்த படுகையானால் மேலே அரை அங்குலத்துக்குமேல் குழல் இறங்கலாகாது. கையை விடுமுன் மின்சார இணைப்பைத் துண்டித்துவிட வேண்டுமென்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

நமது பக்கத்தில் கோடை ஒரு தனிச் சங்கடம். ஜலம் சூடேற ஏற அதில் கரையும் பிராணவாயு குறைகிறது; அதே சமயத்தில் மணலிலுள்ள கிருமிகளுக்கோ பசி அதிகரிக்கிறது. மின்சாரம் நின்று காற்றடிக்கும் பம்பும் நின்றால் ஓரிரண்டு மணி நேரத்தில் மீன் திணறும். பாட்டரியில் ஓடும் சிறு பம்பு ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன். சித்திரை வைகாசியில் மணலைத் தொடுவதேயில்லை.

மணலைக் கிளறும் வேலையை நம்மைவிட நன்றாகச் செய்யும் ஜந்துக்கள் கடலிலே இருக்கின்றன. நஸாரியஸ் என்னும் சிறு நத்தை பகலில் மணலுக்குள் புதைந்து மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இரை வாசனை கண்டதும் படுகை முழுவதும் மெல்ல அசைந்து எழும்பும். அது முதன் முதலாக எழுந்ததைக் கண்டு எங்கள் பிள்ளைகள் கூச்சலிட்டு வகுப்பைக் கலைத்துவிட்டார்கள். மணலை வாயில் அள்ளிச் செவுள் வழியே சலித்துத் துப்பும் மீன் உண்டு. அழகுதான், ஆனால் சிறு தொட்டியில் பட்டினியால் மெலிந்து இறந்துபோகும். மணலில் புதையும் நட்சத்திர மீனுக்கும் அதே கதி. கடைக்காரர் சுத்தம் செய்யும் ஜந்து என்று சொல்லுவார்; அது என்ன தின்னும் என்பதை நாம்தான் கேட்க வேண்டும்.

இந்த வகுப்பில் பெரியது கடல் அட்டை. மணலை விழுங்கி, அதிலுள்ள மக்கிய பொருளைச் சீரணித்து, வெறும் மணலை வெளியே விட்டுக்கொண்டு கடல் தரையில் இரவும் பகலும் ஊர்ந்து வேலை செய்கிறது. பாக் ஜலசந்தியிலும் மன்னார் வளைகுடாவிலும் பிடித்து, வேகவைத்து உலர்த்திச் சீன தேசத்துக்கு அனுப்பும் வியாபாரம் வெகு காலமாக நடந்தது. வரைமுறையின்றி அள்ளியதால் குறைந்துபோக, 2001-ல் மத்திய சர்க்கார் அதை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்து, பிடிப்பதையும் வைத்திருப்பதையும் விற்பதையும் தடுத்துவிட்டது. இராமநாதபுரம் பக்கத்துச் செம்படவர்களுக்கு இதில் மனத்தாங்கல் உண்டு. எதிர்க்கரையில் இலங்கையில் உத்தரவு பெற்றுப் பிடிக்க, இங்கே வலையில் தற்செயலாய் அகப்பட்டதற்கும் வழக்கா என்று கேட்கிறார்கள். அவர்கள் கேட்பதில் நியாயம் இல்லையென்று என்னால் சொல்ல முடியவில்லை. தூத்துக்குடியில் 1988-லேயே நமது ஆராய்ச்சியாளர்கள் கடல் அட்டைக் குஞ்சுகளைப் பொரித்துக் காட்டியிருக்கும்போது, வளர்த்து விற்க வழி செய்திருக்கலாமே என்று தோன்றுகிறது. எப்படியாயினும், நம் வீட்டுத் தொட்டியில் அதை வைக்கலாகாது.

மணலை எங்கே வாங்குவது என்பதிலும் இதே யோசனை வேண்டும். தொட்டிக்கு உகந்ததென்று விற்பது பெரும்பாலும் பவளமும் சிப்பியும் பொடியான சுண்ணாம்பு மணல். ஜலத்தின் காரத்தன்மை குறையாமல் காக்கும் குணம் அதற்கு உண்டு. ஆனால் எந்தக் கடலிலிருந்து வந்தது? மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகள் வரிசையாய் இருந்தன. சுண்ணாம்புக்காகப் பவளப் பாறைகளை வெட்டி வண்டி வண்டியாக ஏற்றிய காலத்தின் பலனாக, விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் நீரில் மூழ்கிப் போயின. 1986-ல் அப்பகுதி தேசியப் பூங்காவாயிற்று; பவளமும் இப்போது முதல் அட்டவணையில் இருக்கிறது. இரண்டு தீவுகளைத் தின்றது போதும். நான் அண்டை வீட்டில் கட்டட வேலைக்கு வாங்கி மிஞ்சிய ஆற்று மணலைச் சலித்துப் போட்டேன். அதில் சுண்ணாம்பு இல்லையாதலால், கடற்கரையில் ஒதுங்கிய வெற்றுச் சிப்பிகளைக் கழுவிப் பொடித்து இரண்டு படி சேர்த்தேன். பார்வைக்குக் கடைமணலைப் போல வெளுப்பாயில்லை. மீன்கள் குறை சொல்லவில்லை.

சுண்ணாம்பு என்றதும் எங்கள் சீமையின் நினைவு வருகிறது. சுமார் ஏழு கோடி வருஷங்களுக்கு முன் அரியலூரே கடலடியாயிருந்தது. 1840-களில் கே, கன்லிஃப் என்ற இரண்டு கும்பினி உத்தியோகஸ்தர்கள் இப்பக்கத்தில் சேகரித்த கல்லான சிப்பிகளை லண்டனுக்கு அனுப்ப, எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்ற அறிஞர் அவற்றை ஆராய்ந்து 1846-ல் அறிக்கை எழுதினார். பிறகு பிளான்ஃபோர்டு என்பவர் நிலத்தை அளந்து படம் போட்டு, பாறை அடுக்குகளில் ஒன்றுக்கு அரியலூர் என்றே பெயரிட்டார். உலகத்துப் பூகர்ப்ப சாஸ்திரிகள் இன்றும் அப்பெயரை வழங்குகிறார்கள். கல்லங்குறிச்சிப் பக்கத்தில் சிமெண்டுக்காக வெட்டும் சுண்ணாம்புக் கல்லில் ஆழாக்கு அளவுள்ள சிப்பிகள் அடுக்கடுக்காய்க் கிடக்கின்றன. அந்தக் காலத்து மணலிலும் இறால் போன்ற ஜந்துக்கள் வளை தோண்டி, கிளறி, புரட்டி வாழ்ந்தன. ஜந்துக்கள் போய்விட்டன, வளைகள் மட்டும் மண் நிரம்பிக் குழல் குழலாய்க் கல்லாகி நிற்கின்றன.

இதை வகுப்பில் சொன்ன மறு வாரம் அந்தப் பெண் ஒரு துணிப்பையோடு வந்தாள். இப்போது ஒன்பதாம் வகுப்பு. அவளுடைய மாமா சுண்ணாம்புச் சுரங்கத்துக்கு லாரி ஓட்டுகிறார். பையிலிருந்து, சுண்டுவிரல் பருமனில் கிளைவிட்ட குழல் ஒன்று ஓடும் கல்லை எடுத்து மேஜைமேல் வைத்து, "இது அந்தக் காலத்து நத்தை வேலையா சார்?" என்று கேட்டாள். நத்தை அன்று, இறால் ஜாதியாக இருக்கலாம் என்றேன். கல்லைத் தொட்டிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறோம். புதிய கோமாளி மீன்கள் வந்து பல மாதங்களாகின்றன. இரை போடும் வேலை இன்னும் அவளிடந்தான் இருக்கிறது. மரக்கரண்டியை மாத்திரம் எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டாள், கேட்டால் சொல்ல மாட்டேனென்கிறாள்.